மீன் தொட்டியில் நூல்பாசியா? மருந்து வேண்டாம், கைவேலை போதும்!



அகரம்தென், மதுரப்பாக்கம், பொன்மார், மாம்பாக்கம் என்று குழுக் கூட்டத்துக்குப் போகும் இடமெல்லாம் இப்போது தோட்டத்து மீன் தொட்டிகளைப் பார்க்கிறோம். கொளத்தூர் போய் குஞ்சு வாங்கி வந்து கப்பி, மோலி, தங்கமீன், கோய் கெண்டை என்று வளர்க்கிறார்கள். சிலர் அழகுக்காக, சிலர் கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று, சிலர் விற்று நாலு காசு பார்க்கலாம் என்று. பங்குனி, சித்திரை வெயில் ஏறியதும் எல்லோரிடமும் ஒரே புலம்பல்தான். "அக்கா, தொட்டி முழுக்க தலைமுடி மாதிரி பாசி புடிச்சிருக்கு. என்ன மருந்து போடறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், எங்கள் கூட்டமைப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு குழுவில் ஐந்து பேர் சேர்ந்து உள்கடன் எடுத்து சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. வெயில் காலத்தில் நூல்பாசி மண்டியது. யாரோ சொன்னதைக் கேட்டு ஒருநாள் சாயந்திரம் மயில்துத்தத்தைக் கண்ணளவாகக் கரைத்து ஊற்றினார்கள். மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் பாசி பழுத்துப் போய் அடியில் கிடந்தது. மீனெல்லாம் மேலே மிதந்தது. "பாசி போச்சு, கூடவே எங்க மீனும் போச்சு" என்று அந்த உறுப்பினர் கூட்டத்தில் அழுததை எங்களால் மறக்க முடியவில்லை. மீன் போனாலும் தவணை போகுமா? அதைக் கட்டி முடிக்க அவர்கள் பட்ட பாடு பெரிது.

மீன் ஏன் செத்தது?

மயில்துத்தம் நமக்குப் புதிதல்ல. சுண்ணாம்போடு சேர்த்துப் போர்டோ கலவை செய்து பயிர் நோய்க்கு அடிக்கிறோம். அதில் இருப்பது தாமிரம். தாமிரம் பாசியைக் கொல்லும், ஆனால் மீனின் செவுளையும் கெடுக்கும். தண்ணீரில் உப்புத்தன்மை குறைவாக இருந்தால், அதாவது மழைத்தண்ணீர் மாதிரி மென்மையான தண்ணீராக இருந்தால், அதன் விஷம் இன்னும் அதிகம். தாமிரம் மக்கி மறையவும் மறையாது. தொட்டி அடி வண்டலில் தங்கிவிடும்.

இரண்டாவது அடி மூச்சுத் திணறல். மீன், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கிறது. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிடும், ராத்திரியில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இந்த நேரத்தில் மொத்தப் பாசியும் செத்து அழுக ஆரம்பித்தால், மிச்சமிருப்பதையும் அந்த அழுகல் தின்றுவிடும். மீனுக்குப் போக்கிடம் ஏது?

மயில்துத்தம் மட்டுமல்ல. பிளீச்சிங் பவுடர் மீனின் செவுளை எரித்துவிடும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தை ஒரேயடியாக ஏற்றிவிடும். மீன் இருக்கும் தொட்டியில் இவை எதுவும் வேண்டவே வேண்டாம்.

பாசி எங்கிருந்து வருகிறது?

நூல்பாசிக்கு இரண்டு சாப்பாடு: வெயில், சத்துத் தண்ணீர். மீன் தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் தண்ணீரில் கரைந்து, கடைசியில் நைட்ரேட் என்ற உரமாக மாறுகிறது. பயிருக்குப் போடும் யூரியா எப்படியோ, பாசிக்கு இது அப்படி.

நம் பக்கத்து ஏரிகளைப் பாருங்கள். செம்பாக்கம் ஏரியிலும் சிட்லபாக்கம் ஏரியிலும் வீட்டுக் கழிவுநீர் வந்து கலந்துதான் ஆகாயத்தாமரை மண்டியது. சிட்லபாக்கம் ஏரியைச் சீர்படுத்த 2019-ல் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டி வந்தது. செடியை மட்டும் அள்ளினால் போதாது, உள்ளே வரும் சாக்கடையை நிறுத்தினால்தான் ஏரி பிழைக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கு உள்ள நியாயம்தான் நம் தொட்டிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புறநகரில் பல வீடுகளில் செப்டிக் டேங்க்தான். அதற்குப் பக்கத்தில் உள்ள கிணறு, போர் தண்ணீரில் நைட்ரேட் ஏற்கெனவே கலந்திருக்க வாய்ப்பு உண்டு. "தீனி கொஞ்சமாத்தான் போடறேன், அப்பவும் பாசி வருதே" என்பவர்கள் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

1. கையால் எடுங்கள். சொரசொரப்பான குச்சி ஒன்றை விட்டுச் சுற்றினால் நூல்பாசி நூல்கண்டு போலச் சுற்றிக்கொண்டு வரும். சுவரில் ஒட்டியதைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து வலையில் அள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கலக்கி எடுக்காமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து எடுங்கள். மோட்டார் இருந்தால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். கையில் புண் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

2. எடுத்த பாசியை உடனே எறியாதீர்கள். பத்து நிமிடம் ஒரு பேசின் தண்ணீரில் போட்டு வையுங்கள். கப்பிக் குஞ்சுகள் உள்ளே சிக்கியிருக்கும், வெளியே நீந்தி வந்துவிடும். பிறகு பாசியை எருக்குழியில் போடலாம், முருங்கை, வாழைக்கு அடியிலும் போடலாம்.

3. தீனியைக் குறையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். மிச்சம் மிதந்தால் வலையால் எடுத்துவிடுங்கள். மீன் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் விற்றுக் குறையுங்கள்.

4. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் தொட்டி சுமார் 3,400 லிட்டர் பிடிக்கும். கால் பங்கு 850 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 57 குடம். அடியில் உள்ள வண்டலோடு சேர்த்து எடுத்தால் நல்லது. அந்தத் தண்ணீர் செடிக்கு நல்ல உரம். முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மீன் தாங்காது.

5. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். போர் தண்ணீரைச் சல்லடை வழியாக உயரத்தில் இருந்து விழ விடுங்கள், காற்று கலக்கும்.

6. நிழல் கொடுங்கள். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் நிழல் இருந்தால் பாசி தானாக மட்டுப்படும். அல்லிச் செடி வைக்கலாம், அல்லது நிழல்வலை கட்டலாம். அல்லி தண்ணீரில் உள்ள சத்தையும் எடுத்துக்கொள்ளும்.

7. தொட்டி விளிம்பைத் தரையைவிட அரை அடியாவது உயர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்து எருவும் துணி துவைத்த தண்ணீரும் உள்ளே வரக்கூடாது.

கடைக்காரர் "டேங்க் கிளீனர்" மீன் விட்டால் சரியாகும் என்பார். அது நீளமான நூல்பாசியை அவ்வளவாகத் தின்னாது. பெரிதாக வளர்ந்த பிறகு சிலர் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கே பெருகி நம் நாட்டு மீன்களுக்கு எமனாகிறது. தயவுசெய்து எந்த அலங்கார மீனையும் ஏரியில் விடாதீர்கள்.

மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால்

தீனியை உடனே நிறுத்துங்கள். காற்று மோட்டார் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் சொம்பால் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அழுகிய பாசியை அள்ளுங்கள். ஒருநாள் வைத்திருந்த நல்ல தண்ணீரைக் கால் பங்கு மாற்றுங்கள். இதற்காகவே ஒரு டிரம்மில் எப்போதும் தண்ணீர் பிடித்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

சகோதரிகளே, கொஞ்சம் பாசி இருந்தால் பயப்பட வேண்டாம். குஞ்சுகள் அதில் ஒளிந்துகொள்ளும், கொறித்தும் தின்னும். மண்டிப் போனால்தான் தொல்லை. இரண்டு மூன்று வாரம் பொறுமையாகக் கைவேலை செய்தால் வித்தியாசம் தெரியும். சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

ஊக்குநர்கள் இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக, படிக்கத் தெரியாத உறுப்பினர் வீட்டில் மீன் தொட்டி இருந்தால் ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். மயில்துத்தப் பொட்டலம் பிரிவதற்கு முன்னால் போய்விட்டால் அவருடைய மீனும் பிழைக்கும், கடனும் அடையும்.