காற்றளவு சென்சாரும் களத்துத் தூசும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்லும் மணிலாவும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் மேட்டில் இழுவையின்றித் திணறுவதும், டீசலை மிகுதியாகக் குடிப்பதும் அறுவடைக் காலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் குறையாகும். காற்றளவு சென்சார் கெட்டுவிட்டதென்று பட்டறையில் சொன்னவுடன் புதிது வாங்கிப் பணத்தை விரயமாக்காது, அங்கத்தினர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

காரிலும் சிறு சரக்கு வண்டியிலும் இக்கருவி, காற்று வடிகட்டிப் பெட்டியை அடுத்த குழாயில் இருக்கும். அதனுள் மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பியோ தகடோ உண்டு. உட்புகும் காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டைக் குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு காற்றின் எடை கணிக்கப்படுகிறது. அதற்கேற்ப எஞ்சின் கணினி எரிபொருளைச் சீர்செய்கிறது. களத்துத் தூசு கம்பியில் படிந்தால் கணக்குப் பிழைபடும். குழாயில் வெடிப்பு இருப்பினும் இதே பிழைதான். பழி மட்டும் கருவியின் மேல் விழுகிறது.

ஆதலின், முதலில் வடிகட்டியையும் குழாயையும் பார்க்க வேண்டும். பின்னர் ஸ்கேனரைப் பொருத்தி, எஞ்சின் வேகம் ஏற ஏறக் காற்றளவும் சீராக ஏறுகிறதா எனக் காண வேண்டும். தடுமாறினால், இதற்கென்றே விற்கப்படும் ஸ்பிரேயால் கழுவி நன்கு உலரவிட வேண்டும். விரலோ துணியோ கம்பியில் படலாகாது. அதன் பின்னும் குறை தீராவிடில், பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, ஒயர் செருகியை எடுத்து, திருகுகளை நீக்கி, அம்புக்குறி எஞ்சினை நோக்குமாறு புதியதைப் பொருத்தலாம். பழைய பிழைக் குறியை ஸ்கேனரால் அழித்தபின் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம்.