வீட்டுத் தூசியும் மூச்சிழுப்பும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. அச்செல்வத்தைப் பறிக்கும் பகைவன் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. நாம் தலை வைத்துப் படுக்கும் தலையணைக்குள்ளேயே அவன் குடியிருக்கலாம்.

போகிப் பண்டிகைக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பரணிலிருந்து பாத்திரங்கள் இறங்கும், ஒட்டடை அடிக்கப்படும், பழைய மெத்தை உதறப்படும். அன்று மாலையே வீட்டில் ஒருவர் அடுக்கடுக்காகத் தும்முவார். இரவில் மூச்சு இழுக்கும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் தாயார். "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி மோரையும் வாழைப்பழத்தையும் பல ஆண்டுகள் விலக்கி வைத்தோம். இழுப்பு நின்றபாடில்லை. சென்ற ஆண்டு மருத்துவர், "இது தூசி ஒவ்வாமை" என்று கூறிய பிறகுதான் விலக்க வேண்டியது வேறொன்று என்று தெரிந்தது. அது என்னவென்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

ஒவ்வாமை என்பது யாது?

நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென்று நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. சிலருக்கு அப்படை, தீங்கற்ற பொருளையும் பகையெனத் தவறாகக் கருதிப் போர் தொடுக்கிறது. இதுவே ஒவ்வாமை. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கினார். இதற்குக் காரணமான இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் எதிர்ப்பொருள் 1960-களில் கண்டறியப்பட்டது. ஒவ்வாத பொருள் மூச்சோடு உள்ளே சென்றதும், இந்த எதிர்ப்பொருளைத் தாங்கிய செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. மூக்கில் நீர் ஒழுகுகிறது, கண் அரிக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சுக்குழல் சுருங்குகிறது.

தூசியில் வாழும் உயிர்

வீட்டுத் தூசியில் தொல்லை தருவது எது? 1964-இல் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரத்து ஆய்வாளர்களான ஃபோர்ஹார்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும், அது டெர்மட்டோஃபகாய்டிஸ் என்னும் சிற்றுண்ணியாக இருக்கலாம் என்று காட்டினர். 'தோல் தின்னி' என்பது அப்பெயரின் பொருள். சிலந்தியின் இனத்தைச் சேர்ந்த இதற்கு எட்டுக் கால்கள், கண் கிடையாது, நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். இது நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோல் செதில்களே இதன் உணவு. நீர் அருந்துவதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமுள்ள காற்றில் செழிக்கும். 50 விழுக்காட்டுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உலர்ந்து மடியும்.

ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் இதன் எச்சமே என்பது 1981-இல் வெளியான ஆய்வால் விளங்கியது. ஓர் எச்சத் துகளின் அளவு சுமார் 20 மைக்ரான். படுக்கையை உதறினால் காற்றில் எழும்; சிறிது நேரத்தில் படிந்துவிடும். பூனையின் உடலிலிருந்து வரும் நுண்துகள்களைப் போல மணிக்கணக்கில் மிதப்பதில்லை. எனவே அறைக் காற்றைச் சுத்தம் செய்வதைவிட, எட்டு மணி நேரம் முகம் புதைக்கும் படுக்கையைச் சுத்தம் செய்வதே முதல் வேலை.

செய்ய வேண்டுவன

1. படுக்கை: விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் துவைத்தால் உண்ணிகள் இறக்கும். வெந்நீருக்கு வழியில்லையெனில் தண்ணீரில் அலசினாலும் எச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். மெத்தையையும் தலையணையையும் கடும் வெயிலில் இருபுறமும் காயவைக்க வேண்டும். இறந்த உண்ணியும் எச்சமும் உள்ளேயே தங்குமாதலால், பிறகு வெளியில் வைத்துத் தட்டுதல் அவசியம். இலவம்பஞ்சு மெத்தையைவிடக் கோரைப்பாயில் செதில் தங்க இடம் குறைவு; துடைப்பதும் எளிது.

2. தரை: உலர்ந்த தரையைப் பெருக்கினால் தூசி இடம் மாறுமேயன்றி ஒழியாது. ஈரத்துணியால் துடைப்பதே நன்று. ஒவ்வாமை உள்ளவர் அந்நேரம் வெளியே இருப்பது நலம்.

3. ஈரம்: மழைக்காலத்தில் ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தினால் உண்ணியோடு பூஞ்சைக் காளானும் வளரும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், ஒழுகும் சுவரைச் செப்பனிட வேண்டும்.

4. கரப்பான் பூச்சி: இதன் எச்சமும் உதிர்ந்த தோலும் ஒவ்வாமை தருபவை. எச்சில் பாத்திரங்களை இரவில் போட்டு வைக்கலாகாது.

5. புகை: கொசுவர்த்தி, சாம்பிராணி, அடுப்புப் புகை ஆகியவை ஒவ்வாமைப் பொருள்கள் அல்ல, எனினும் புண்பட்ட மூச்சுக்குழலை மேலும் வருத்தும். கொசுவலை சிறந்தது.

இவற்றுள் ஒன்றை மட்டும் செய்து பயன் எதிர்பார்க்கலாகாது. ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், மெத்தை உறை மட்டும் மாற்றியதால் நன்மை விளையவில்லை. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ, 937 குழந்தைகளின் வீடுகளில் படுக்கை, கரப்பான், புகை எனப் பல முனைகளிலும் முயன்றபோது நோய் தணிந்தது. துப்புரவு மருந்துக்கு மாற்றாகாது என்பதும் நினைவில் நிற்க வேண்டும். உறிஞ்சு மருந்து பழக்கமாகிவிடும் என்று அஞ்சி நிறுத்துவோர் உண்டு. அவ்வச்சம் வீண், அது சிறிய அளவில் நேரே மூச்சுக்குழலுக்குச் செல்வது.

இறுதியாக ஒன்று. நம் வீடுகளில் பெருக்குவதும், மெத்தை உதறுவதும், ஒட்டடை அடிப்பதும் யார்? பெரும்பாலும் தாய்மார்களே. வீட்டார் எல்லோரும் தூசியின்றி வாழ, அத்தூசி முழுவதையும் அவர்கள் மூச்சில் ஏற்கின்றனர். இவ்வளவையும் படித்த பிறகே இது என் கண்ணில் பட்டது. இப்போது ஞாயிறுதோறும் மெத்தை உதறுவது என் வேலை. தரை துடைப்பது தம்பியின் வேலை. அம்மாவின் இழுப்பு அடியோடு நீங்கிவிடவில்லை, மருந்தும் தொடர்கிறது. ஆனால் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்திருக்கும் நாள்கள் குறைந்துள்ளன.

நண்பர்களே! கல்லூரியில் கற்பது தேர்வுத் தாளோடு முடிந்துவிடலாகாது. இந்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, அம்மாவின் கையிலிருக்கும் துடைப்பத்தை நாம் வாங்கிக்கொள்வோம்.