கர்ப்பிணிப் பெண் எந்தப் பக்கம் படுப்பது?

ஒளூ செய்து வலப்பக்கம் சாய்ந்து உறங்குவது நபிவழி. புகாரியில் ஹதீஸ் உள்ளது. நம் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பெண் கர்ப்பமாகி புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனைக்கோ போனால் "இடப்பக்கம் ஒருக்களித்துப் படும்மா" என்பார்கள். சுன்னத்தை விடுவதா என்ற குழப்பம் அங்கே வருகிறது.

உண்மையில் விலக்க வேண்டியது வலப்பக்கத்தை அல்ல, மல்லாந்து படுப்பதை. ஏழு மாதத்துக்கு மேல் கருப்பை கனத்துவிடும். மல்லாந்தால் அந்தப் பாரம், கால்களிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாளத்தை அழுத்தும். தாய்க்குத் தலைசுற்றும், குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையும். அந்த நாளம் முதுகெலும்புக்குச் சற்று வலப்புறம் இருப்பதால்தான் இடப்பக்கம் படுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வு, 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து உறங்கச் சென்ற பெண்களிடம் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்ததாகவும், இடம் வலம் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றும் கண்டது. எனவே வலப்பக்கம் தாராளமாகப் படுக்கலாம். தூக்கத்தில் மல்லாந்திருந்தால் பயப்பட வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். இரத்த அழுத்தம், குழந்தையின் இதயத்துடிப்பு காரணமாக மருத்துவர் இடப்பக்கம்தான் என்று சொன்னால் அதையே கேளுங்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி புத்தூருக்குக் கொண்டு போகும்போதும் இதே கவனம் வேண்டும். ஆம்புலன்ஸில் நிறைமாதப் பெண்ணை மல்லாத்திப் படுக்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து ஒருக்களிக்க விடுங்கள்.

பிரசவ நேரத்தில் கால்களைத் தூக்கி மல்லாந்து கிடப்பதுதான் ஒரே வழி என்பதும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், எந்த நிலையில் பெற்றெடுப்பது என்பதைத் தாயின் விருப்பத்துக்கு விடுகிறது. வலி தொடங்கியதும் நடப்பது, உட்காருவது வலிநேரத்தைக் குறைக்கும். நிமிர்ந்த நிலையில் பெறும்போது இரத்தப்போக்கு சற்றுக் கூடலாம், ஆகவே மருத்துவமனையில்தான். மர்யம் (அலை) அவர்களின் பேரீச்ச மரத்தடியைக் (19:23) காட்டி வீட்டுப் பிரசவத்துக்கு ஆதாரம் தேடுவோர் உண்டு. அந்த வசனம் அவர் தனித்து பட்ட வேதனையைச் சொல்கிறதே தவிர முறை கற்பிக்கவில்லை. மறைவு குறித்துக் கூச்சமுள்ள பெண்கள் ஒருக்களித்த நிலையில் பெற முடியுமா என்று முன்பே கேட்டுவையுங்கள். மேலே துணி போர்த்திக்கொள்ள அது வசதி.

படுக்கை ஓய்வில் இருப்பவர் தொழுகைக்கு என்ன செய்வது? நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துத் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். திருச்சியில் கிப்லா மேற்குப் பக்கம். வலப்பக்கம் படுப்பவர் வடக்கே தலை வைத்தால் முகம் கிப்லாவை நோக்கும். இடப்பக்கம்தான் முடியும் என்றால் தலையணையைத் தெற்கே மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டிலைத் திருப்ப வழியில்லை என்றால், முடிந்த திசையில் தொழலாம்.