தகரக் கதவுக்குப் பின்னால்

பதுளைக்கு வருகிறவர்கள் துன்ஹிந்தவில் நனைகிறார்கள். எல்லவுக்குப் போய் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்வரை காத்து நிற்கிறார்கள். நல்லது, அவையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஊவா மாகாணத்தில் என்னைத் துள்ளிக் குதிக்க வைத்த இடம் எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் இல்லை. பசறைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே மாரியம்மன் கோவிலுக்குப் பின்புறம், தகரக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சாமான் அறை அது. சும்மா வருகிறவர்களுக்குத் திறக்க மாட்டார்கள். எனக்குத் திறந்தார்கள்!

மரணச் சங்கத்து அறைக்குள் நுழைய இவ்வளவு சந்தோஷமா என்று கேட்பீர்கள். ஆமாம், அவ்வளவு சந்தோஷம். மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிய தொழிற்சங்கங்களின் மேடையைக் காட்டுவார்கள், வெளியூர் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகையைக் காட்டுவார்கள். இந்த மக்கள் தங்கள் கூலியிலிருந்து தாங்களே எடுத்துவைத்து நடத்துகிற தர்மத்தின் உள்வீட்டை யாரும் காட்டியதில்லை.

“பாத்து வாங்க தம்பி, நிலை தாழ்வு, தலையில இடிக்கும்” என்று பொருளாளர் முன்னால் போனார். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர். இடுப்பில் சாவிக் கொத்து.

உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள் கூரையைத் தொடும்வரை அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்த அண்டாக்கள், துணி கட்டிய பெரிய தேத்தண்ணி வடி, சுருட்டிய படங்கு, பந்தல் கம்புகள், கயிற்றோடு சுற்றி வைத்த வெள்ளைக்கொடிகள். ஒவ்வோர் அகப்பைக் காம்பிலும் சிவப்பு எனாமலில் சங்கத்தின் எழுத்து! கல்யாண வீட்டுக்கு இரவல் போன அகப்பை வழிமாறிப் போகாமல் திரும்பி வரத்தான் அந்த ஏற்பாடு. கல்யாணம், சடங்கு, திருவிழா அன்னதானம் எல்லாவற்றுக்கும் சாமான் இங்கிருந்துதான் போகிறது. ஒரு மூலையில் மட்டும் இரண்டு மண்வெட்டிகளும் ஒரு அலவாங்கும் தனியாகச் சாத்தியிருந்தன. அவற்றை வேறெந்த வேலைக்கும் எடுக்க மாட்டார்களாம்.

பிறகு வந்தது பொக்கிஷம்: ஒரு சீ.ஆர். கொப்பி. மூலைகள் மடங்கி, அட்டையில் தேத்தண்ணிக் கறை படிந்தது. லயம் லயமாகப் பெயர், பெயருக்கு எதிரே மாதச் சந்தா. ஒரு வீட்டில் யாராவது இறந்தால் எவ்வளவு ரொக்கம், எத்தனை கிலோ சீனி, எவ்வளவு தேயிலைத்தூள் என்பது முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. புருஷன் வீட்டுத் தாய் தகப்பனுக்கு என்ன உண்டோ, பெண்சாதி வீட்டுத் தாய் தகப்பனுக்கும் அதே. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இரவு இரண்டு மணிக்கு ஒரு லயத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் என்ன நடக்கும்? செயலாளர் வீட்டுக் கதவை முதலில் தட்டுவார்கள். தகரக் கதவு திறக்கும். பந்தல் சாமானும் கதிரையும் இருட்டிலேயே தலைச்சுமையாக மேலே ஏறும். விடியுமுன் இரண்டு பேர் சவப்பெட்டிக்குப் பதுளைக்கு இறங்குவார்கள். (முன்பு தோட்டத்துத் தச்சரே பெட்டி அடித்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.) காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் செய்தி சொல்லப்படும். இளந்தாரிகள் குழி வெட்டப் போவார்கள். இழவு வீட்டில் அடுப்பு எரியாது, ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பசியோடு இருக்கவும் மாட்டார்கள். பக்கத்துக் காம்பராக்காரி யாரும் சொல்லாமலே கூட்டிப்போய்ச் சோறு கொடுத்துவிடுவாள். அந்த வேலைக்கு மட்டும் கொப்பியில் கணக்கு இல்லை.

காசு வருகிற வழியையும் பார்த்தேன். சம்பளம் 10ஆம் தேதி. சம்பளத் துண்டின் கழிவுப் பகுதியில் சேமலாப நிதி 8 வீதம் போகும். முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, கோவில், டோபி, இவற்றோடு மரணச் சங்கமும் ஒரு வரி. ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடி, அது 2021இல்தான் கைக்கு வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. அந்தத் துண்டிலிருந்து அடுத்த வீட்டுச் சாவுக்கு ஒரு பங்கு வைப்பதைப் பெரிய கொடை என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதே ஏற்பாட்டை உலகின் மறுபக்கத்தில் கண்டுபிடித்தபோது எனக்கு இன்னும் தலைகால் புரியவில்லை! யூதர்கள் ஒரு புது நகரத்தில் குடியேறினால் முதலில் அமைக்கிறவற்றில் ஒன்று, இறந்தவரைக் குளிப்பாட்டி, துணி உடுத்தி, அடக்கம் செய்கிற சங்கம். ஹெவ்ரா கடிஷா என்று பெயர். பிராக் நகரத்தில் 1564இலேயே அமைந்துவிட்டது. அந்தச் சங்கத்தார் 18ஆம் நூற்றாண்டில் தங்கள் வேலைகளை வரிசையாக ஓவியமாகத் தீட்டி வைத்தார்கள்: நோயாளியைப் பார்க்கப் போவது, கோடித் துணி தைப்பது, தூக்கிப் போவது, குழி வெட்டுவது. நம்மவர்கள் செய்கிற அதே வேலைகள்! நியூயோர்க்கில் 1888இல் ஏழைகளை இலவசமாக அடக்கம் செய்ய ஒரு சங்கம் எழுந்தது. 1911இல் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 தொழிலாளர் இறந்தபோது அவர்களில் ஒரு பகுதியினரை அந்தச் சங்கம்தான் அடக்கம் செய்தது. 1892இல் அதே நகரத்தில் வட்டியில்லாமல் கடன் கொடுக்க இன்னொரு சங்கம், கைமுதல் வெறும் 95 டொலர். இன்று பெருநகர யூத சமூகங்களின் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், உணவுக் கிடங்கு என்று விரிந்திருப்பதன் அடியில் இப்படிப்பட்ட சின்னச் சங்கங்கள் இருக்கின்றன.

 

இரண்டு மக்களுக்கும் ஒரே யோசனை ஏன் வந்தது? எனக்குத் தோன்றுகிற காரணம் இது. கோப்பிக் காலத்தில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே கிடந்தார்கள். எடுத்துப் போட ஆளில்லாமல் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இனி நம்மில் ஒருவர்கூட அப்படிக் கிடக்கக் கூடாது என்றுதானே முதலில் நினைத்திருப்பார்கள்? அட்லாந்திக்கைக் கடந்து நியூயோர்க்கில் இறங்கிய யூதர்களும் தாங்கள் விட்டு வந்த ஊரின் பெயரிலேயே சங்கம் வைத்து, கூட்டாக மயான நிலம் வாங்கிப் போட்டார்கள்.

சங்கத்தின் கை எட்டாத சாவும் ஊவாவில் நடந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூனாகலை தமிழ்ப் பாடசாலைகளில் தஞ்சமடைந்தார்கள். நாட்டின் பல பக்கத்திலிருந்தும் உதவி வந்தது. பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. பந்தல் போடலாம், கதிரை போடலாம்; தூக்கிப் போக ஆள் இல்லாமல் இல்லை, தூக்கத்தான் ஒன்றும் இல்லை. பொருளாளர் இதைச் சொல்லும்போது கொப்பியை மூடிவிட்டார்.

இப்போது சங்கத்தின் பெரிய தலைவலி கொழும்பு. இளையவர்கள் கடைக்கும் ஹோட்டலுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் பெயர் குறையக் குறைய, சம்பளத் துண்டு வழியாக வருகிற சந்தாவும் குறைகிறது. ஆனால் கொழும்பில் இருக்கிறவனின் தாய் இங்கேதான் லயத்தில் இருக்கிறாள்! நான் போன ஞாயிற்றுக்கிழமை மகாசபைக் கூட்டத்தில் இதுதான் பேச்சு. “வேலை செய்யாதவனுக்கு எதுக்கு சங்கம்?” என்று ஒரு பெரியவர் எழுந்தார். “மாமா, குழி வெட்ட லீவு போட்டு வர்றது யாரு? நாங்கதானே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். சபை கலகலத்துவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுந்து, சந்தாவை போனிலேயே அனுப்பலாமே, இழவுச் செய்தியும் வட்ஸ்அப் குழுவில்தானே போகிறது என்று முடித்துவைத்தார். பெரியவரும் தலையாட்டினார்.

அடுத்து என்ன வாங்கப் போகிறீர்கள் என்று பொருளாளரிடம் கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஜெனரேட்டர் ஒண்ணு. மழைக்காலத்துல கரண்ட் போனா மெழுகுதிரியில ராத்திரி பூரா உக்காந்திருக்கணும். அப்புறம் கதிரை இன்னும் அம்பது.” சொல்லிக்கொண்டே கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கோடு போட்டு, ‘கொழும்பு’ என்று புதிதாக ஒரு தலைப்பு எழுதினார்.