அசையும் படத்துக்கு ஐம்பதில் ஒரு விநாடி

புகைப்படம் எடுப்பதற்கென்று டி.எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அதில் வீடியோவும் எடுக்கலாம். பொத்தானை அழுத்தினால் போதாதா? போதும் என்று நினைத்து நான் ஒருமுறை ஏமாந்தேன். எண்பது வயதைத் தாண்டிய என் அத்தை தாலாட்டுப் பாடியதை ஓர் இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பிடித்தேன். பிறகு போட்டுப் பார்த்தால், அத்தையின் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து கொண்டிருந்தன. பாட்டைவிட மின்விசிறியின் சத்தமே ஓங்கிக் கேட்டது. மறுபடியும் எடுக்க அத்தை இன்று இல்லை. அந்தப் பட்டைகள் எப்படி வந்தன?

முதலில் காமிராவுக்குள் பார்ப்போம். லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. பிம்பத்தை நம் கண்ணுக்குத் திருப்பி விடுவது அதுதான். வீடியோ ஓடும்போது இக்கண்ணாடி மேலே தூக்கியே நிற்கும். ஆகவே கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இருண்டுவிடும். காமிரா கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பின்புறத் திரையைப் பார்த்து எடுக்க வேண்டும். இந்த வகைக் காமிராவில் வீடியோ முதலில் வந்தது 2008-இல், நிக்கான் டி90-இல். அதே ஆண்டு கேனான் 5டி மார்க் 2 வந்தது. 2012-இல் வெளியான 'வழக்கு எண் 18/9' என்ற தமிழ்த் திரைப்படமே கேனான் 5டி காமிராவில் எடுக்கப்பட்டதுதான்.

இனி ஷட்டர் வேகம். ஓடும் குழந்தையைப் புகைப்படம் எடுக்க 1/1000 விநாடி வைப்பீர்கள்; படம் துல்லியமாக விழும். வீடியோவில் அதே வேகம் வைத்தால் குழந்தை வெட்டி வெட்டி ஓடுவதுபோல் தெரியும். ஏன்? விநாடிக்கு 25 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு படத்திலும் அசைவு சிறிது கலங்கியிருந்தால்தான் ஒரு படம் அடுத்ததோடு இழைந்து, நம் கண்ணுக்கு இயல்பான ஓட்டமாகத் தெரியும். படத்துக்குரிய நேரத்தில் பாதி அளவு ஒளி விழட்டும் என்பது சினிமாக்காரர்களின் பழைய கணக்கு. 25 படங்களுக்கு அது 1/50 விநாடி.

இந்த 1/50 நமக்கு இன்னொரு வகையிலும் கைகொடுக்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறுகிறது. ஒரு சுற்றில் விளக்கு இருமுறை பிரகாசித்து மங்கும். அதாவது விநாடிக்கு 100 துடிப்பு. சோக் போட்ட பழைய டியூப்லைட்டிலும் மலிவான எல்.இ.டி. பல்புகளிலும் இது அதிகம். நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் காமிராவின் சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. 1/1000 விநாடியில் சில வரிகளுக்கு விளக்கு பிரகாசமாக இருந்த கணம் கிடைக்கும். சில வரிகளுக்கு மங்கிய கணம். அவைதான் கறுப்புப் பட்டைகள்! 1/50 விநாடியிலோ ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு முழுத் துடிப்புகள் கிடைக்கின்றன. பட்டை மறைந்துவிடும். இன்றிரவே இரு வேகங்களிலும் எடுத்துப் பாருங்கள். உங்கள் காமிராவில் 25 என்ற எண் இல்லாமல் 30 மட்டும் தெரிந்தால், மெனுவில் என்.டி.எஸ்.சி. என்றிருப்பதை பி.ஏ.எல். என்று மாற்ற வேண்டும். 30 என்பது, மின்சாரம் 60 சுற்று மாறும் அமெரிக்கா போன்ற நாடுகளின் கணக்கு.

வெயிலில் வேறு தொல்லை. ஐ.எஸ்.ஓ. 100-இல், நல்ல வெயிலுக்கு 1/100 விநாடியும் எஃப்/16 துவாரமும் சரியாக இருக்கும். பின்னணியைக் கலங்கச் செய்ய எஃப்/4 வரை திறந்தால் ஒளி 16 மடங்காகும். 1/50 வைப்பதால் அதுவும் இரட்டித்து 32 மடங்கு! படம் வெளுத்துப் போகும். ஷட்டரைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்றுதான் கை போகும். கூடாது. ஒளியில் 32-இல் ஒரு பங்கை மட்டும் விடும் சாம்பல் நிற என்.டி. ஃபில்ட்டரை லென்ஸின் முன் திருகிக் கொள்ளுங்கள்.

கையில் பிடித்து எடுப்பதைவிட முக்காலி நல்லது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒலிதான் பலரும் கோட்டை விடும் இடம். காமிராவிலுள்ள மைக் பேசுபவரிடமிருந்து தள்ளியிருக்கிறது. லென்ஸ் மோட்டாரின் உறுமலோ பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே தானியங்கி ஃபோகஸை நிறுத்திவிட்டு வளையத்தைக் கையால் திருப்புங்கள். மின்விசிறியை அணையுங்கள். செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் சட்டைப் பையில் வையுங்கள். தொடங்கும்போது காமிராவின் முன் ஒருமுறை கை தட்டுங்கள். கைகள் சேரும் படத்தையும் 'டப்' என்ற ஒலியையும் பின்னர் கணினியில் ஒன்றாகப் பொருத்தினால் பேச்சும் உதடும் இணைந்துவிடும்.

பாட்டு நீளமானால் இடையிடையே நிறுத்தித் தொடங்குங்கள். பல காமிராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடும். அரை மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை வீடியோக் காமிரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் சுங்கவரி விதித்ததால் வந்த வரம்பு அது.