நாற்பதடி வண்டியும் நுண்ணிய மணலும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மேற்கு ஓரமாக, குவார்ட்ஸைட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கேயே வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். குளிர்காலம் தொடங்கியதும் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வருகிறவர்கள் தங்கள் மோட்டார் ஹோம்களோடு வந்து பாலைவனத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 தொடங்கி ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கித் தங்கலாம். சரளைத் தரை, கள்ளிச்செடிகள், காற்றடித்தால் புழுதி. இரண்டு வாரம் அங்கே நின்ற வண்டியின் மேல் விரலால் பெயர் எழுதலாம். எழுதினால், புழுதியைக் கழுவிய பிறகும் அந்தப் பெயர் பெயிண்டில் மெல்லிய கீறலாக நிற்கும்.

நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் நடிகர்களுக்காக நிறுத்தப்படும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டியின் உருவம் பிடிபடும். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பெரியவை 40 அடி நீளம், 12 அடிக்கு மேல் உயரம். விலை கூடிய வண்டிகளில் வெளிப்புறம் முழுக்கப் பல வண்ணங்களை அலை அலையாக அடித்திருப்பார்கள். ஓய்வுபெற்ற தம்பதிகள் பலர் வீட்டை விற்ற பணத்தில் இதை வாங்கி, இதிலேயே குடியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் மறுபடி பெயிண்ட் அடிக்கக்கூடப் பெருந்தொகை ஆகும். அதனால் இதைக் கழுவுவதற்கு அவர்கள் காட்டும் கவனம் அளவுக்கு மீறியதல்ல.

பளபளப்பு என்று கண்ணுக்குத் தெரிவது வண்ணத்தின் மேல் பூசப்பட்ட கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம். அதன் கனம் பொதுவாக 50 மைக்ரானை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். சராசரித் தலைமுடி ஒன்று இதைவிடத் தடிமனானது. பாலைவனப் புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளோ மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரண எஃகுக் கத்தியையே கீறக்கூடிய பொருள் அது. அதன் மேல் துணியை வைத்து அழுத்தி இழுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

கழுவித் துடைத்த வண்டி நிழலில் புதிதுபோல மின்னும். வெயிலில் நிறுத்தியதும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். வட்டமாகத் தேய்த்ததால்தான் வட்டமாக விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் அதைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால், விளக்கையோ சூரியனையோ மையமாக வைத்து வட்டங்கள் தோன்றுகின்றன. இதனால்தான் கைதேர்ந்தவர்கள் துணியை ஒரே திசையில் நேர்கோடாக நகர்த்துகிறார்கள். அப்போது தப்பித்தவறி ஒரு கீறல் விழுந்தாலும் ஒரு கோணத்தில்தான் கண்ணில் படும்.

பாலிஷ் போட்டால் கோடுகள் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பாலிஷ் என்பது கீறலை நிரப்புகிற வேலை இல்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குச் சீவி எடுக்கிற வேலை. இருப்பதே 50 மைக்ரான் என்றால், அதை எத்தனை முறைதான் சீவ முடியும்? வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருளும் அந்தப் படலத்துக்குள்தான் இருக்கிறது. கீறலை எடுப்பதைவிடக் கீறாமல் கழுவுவது மலிவு என்று வண்டிக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இது.

பெயிண்டைக் கீறுவது பிரஷ்ஷோ துணியோ என்பதைவிட, அவற்றுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மணல் என்பதே சரி. ஆகவே நல்ல கழுவல் என்பது இரண்டே காரியம். கை படுவதற்கு முன்னால் முடிந்த அளவு மணலை இறக்கிவிட வேண்டும். இறங்கிய மணல் திரும்ப வண்டிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைகளில் விற்கும் எல்லாக் கருவிகளையும் இந்த இரண்டில் எதற்கு உதவுகிறது என்று கேட்டே எடை போடலாம்.

முதல் காரியத்துக்குத் தண்ணீரும் நுரையும். வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு தொட்டால் சூடில்லாத நேரத்தில், மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் விட வேண்டும். பிரஷர் வாஷர் இருந்தால் 40 டிகிரி விரிவாகப் பீய்ச்சும் வெள்ளை நிற முனையை மாட்டி, இரண்டு அடியாவது தள்ளி நின்று அடிக்கலாம். நெருங்கிப் போனால் ஸ்டிக்கர் வரிகளின் ஓரம் உரியும். ஜன்னலைச் சுற்றியுள்ள சீலன்ட் பிய்ந்து மழைநீர் சுவருக்குள் இறங்கும். மோட்டார் ஹோமின் பக்கவாட்டில் ஃபிரிட்ஜுக்கான காற்றுத் திறப்பு இருக்கும். அதற்குள் நேராகத் தண்ணீர் அடிக்கவே கூடாது. பிறகு ஃபோம் கேனன் என்ற பாட்டில் பொருத்திய துப்பாக்கியால் கெட்டியான நுரையைப் போர்த்தி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் அலசிவிடுகிறார்கள். அழுக்கின் பெரும்பகுதி அந்த நுரையோடு வழிந்துவிடும்.

வண்டி 40 அடி என்பதால் ஒரே மூச்சில் முழுவதற்கும் நுரை அடிப்பது தவறு. பின்பக்கம் போவதற்குள் முன்பக்கம் காய்ந்து கறை பிடிக்கும். பத்தடி, பத்தடியாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது காரியத்துக்கு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். இரண்டின் அடியிலும் கிரிட் கார்டு என்ற பிளாஸ்டிக் வலைத்தட்டு. கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், நேராக ஷாம்பூ வாளிக்குப் போகாமல், வெறும் நீர் வாளியின் தட்டில் நன்றாகத் தேய்த்து அலச வேண்டும். மணல் தட்டுக்குக் கீழே தங்கிவிடும். நீரைக் கலக்கினாலும் எளிதில் மேலே வராது. கையுறை செம்மறியாட்டு ரோமமாகவோ நீளமான இழை கொண்ட மைக்ரோஃபைபராகவோ இருக்க வேண்டும். இழைகளுக்கு நடுவே துகள் உள்வாங்கிக்கொள்ள இடம் இருப்பதுதான் அதன் பலம். சப்பையான ஸ்பாஞ்சில் அந்த இடம் இல்லை. துகள் அதன் முகப்பிலேயே நின்று கோடு போட்டுக்கொண்டே போகும்.

வாளிக்கே திரும்பாத முறை ஒன்றும் உண்டு. பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஒரே ஷாம்பூ வாளியில் ஊறப் போடுவார்கள். ஒன்றை எடுத்து இரண்டு முறை மடித்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்த எட்டு முகங்கள் கிடைக்கும். எட்டும் அழுக்கானதும் துணி ஓரமாகப் போகும், அடுத்தது வரும். தரையில் விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி எடுக்கவே மாட்டார்கள், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும்.

உயரம்தான் மோட்டார் ஹோமின் தனிச் சிக்கல். கார் என்றால் கைக்கு எட்டும். இங்கே நீண்ட கோலும் பிரஷ்ஷும் இல்லாமல் முடியாது. பிரஷ் வாங்குகிறவர்கள் இழையின் நுனியைப் பார்க்க வேண்டும். நுனி பிளந்து பஞ்சுபோல மென்மையாக இருப்பது ஓரளவு பரவாயில்லை. அதிலும் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் வகை மேல். ஆனாலும் எட்டடிக் கோலின் மறுமுனையில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதைக் கை உணராது. அதனால் இப்போது பலர் பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு, எல்லாப் பக்கமும் வளையும் கழுத்துள்ள மைக்ரோஃபைபர் மாப்புக்கு மாறியிருக்கிறார்கள். மாப்பின் எடையே போதும், அழுத்த வேண்டியதில்லை. உறையைக் கழற்றி மாற்றலாம் என்பது கூடுதல் வசதி. சக்கரங்களுக்கென்று தனிப் பிரஷ், தனி வாளி வைத்துக்கொள்வது கட்டாயம். பிரேக் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் அங்கே அப்பியிருக்கும்.

கூரையை மறந்துவிட்டுப் பக்கங்களை மட்டும் தேய்ப்பவர்கள் அடுத்த மழையில் ஏமாந்துபோகிறார்கள். ஜன்னல் ஓரங்களிலிருந்து வடியும் கறுப்புக் கோடுகளுக்குப் பெரும்பாலும் கூரை அழுக்கே காரணம். ஈபிடிஎம் என்ற ரப்பர் கூரைகள் வயதாக ஆக மேல்பரப்பு வெண்பொடியாக உதிரும் இயல்புடையவை. அந்தப் பொடியும் சேர்ந்து வடிகிறது. ஆகவே கூரைதான் முதலில். பெட்ரோலியம் கலந்த கிளீனர்கள் அந்த ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும், மிதமான சோப்பே போதும். நனைந்த ரப்பர் கூரையில் நடப்பது ஆபத்து. முடிந்தவரை ஏணியில் நின்றபடியே, ஒரு துணை ஆள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, எட்டுகிற அளவுக்கு மாப் போட வேண்டும். பெயிண்ட் போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். 12 அடியிலிருந்து விழுந்த இடுப்புக்கு அந்த வசதி இல்லை.

ஃபுளோரிடாவில் புழுதியைவிடப் பூச்சி பெரிய தலைவலி. மே மாதத்திலும் செப்டம்பரிலும் லவ்பக் என்ற கறுப்புப் பூச்சிகள் ஜோடி ஜோடியாகச் சாலைக்கு மேல் பறக்கும். மோட்டார் ஹோமின் முகப்பு செங்குத்தான சுவர்போல இருப்பதால் ஆயிரக்கணக்கில் அதில் அடிபட்டு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் ஓரிரு நாள் கிடந்தால் அவற்றின் உடல் அழுகி அமிலத்தன்மை ஏறி, பெயிண்டை அரித்துத் தழும்பாக்கிவிடும். காய்ந்ததைச் சுரண்டினால் கிளியர் கோட்டும் சேர்ந்து போகும். அன்று மாலையே நனைத்த பெரிய துண்டை முகப்பின் மேல் போர்த்தி, கால் மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலும் தானே வழுக்கிக்கொண்டு வரும். இதற்குத் தனியாக ஒரு ரசாயனமும் வேண்டாம்.

மறுபடி குவார்ட்ஸைட். அங்கே வண்டியில் நிரப்பி வரும் தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, சமைக்க. சாதாரணத் தோட்டக் குழாயில் நிமிடத்துக்கு எளிதாக 15 லிட்டர் போய்விடும் என்பதால், குழாய் வைத்துக் கழுவுவது அங்கே நினைத்துப் பார்க்க முடியாதது. மற்ற ஊர்களிலும் கட்டணம் வாங்கும் முகாம்கள் பல வண்டி கழுவத் தடை போட்டிருக்கின்றன. இந்த நெருக்கடியில் கைகொடுப்பது அலசத் தேவையில்லாத ஷாம்பூ. ஆப்டிமம் நோ ரின்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. 256 பங்கு நீருக்கு ஒரு பங்கு கலந்தால் போதும், அதாவது எட்டு லிட்டர் வாளிக்குச் சுமார் 30 மில்லி. அதிலுள்ள பாலிமர் துகள்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு துணி வழுக்கிப் போக உதவுகிறது. முதலில் கைப்பம்பால் தெளித்து ஊறவிட்டு, பிறகு அந்தப் பன்னிரண்டு துணி முறையில் துடைத்து, உடனே உலர்த்திவிட வேண்டும். மூன்று நான்கு வாளியில் ஒரு முழு வண்டியும் முடியும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. சேறு காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தால் இந்த முறை உதவாது, குழாய்த் தண்ணீர் கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். தண்ணீர் இல்லையென்று உலர்ந்த துணியால் துடைப்பது இதற்கு மாற்றாகாது. காலையில் வண்டியை எடுக்கும் முன் அப்படிக் காரைத் தட்டித் துடைக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அப்படித் துடைக்கும் புதிய காரில் சில மாதங்களிலேயே கோடுகள் வருவதும் இதே மணலால்தான்.

ஜெர்மனியில் கேள்வியே வேறு. மண் தரையில் நிறுத்தி வண்டி கழுவினால் எண்ணெயும் சோப்பும் நிலத்தடி நீரில் கலக்கும் என்பதால் அங்கே அதற்கு அனுமதி இல்லை. பெரும்பாலும் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் வசதியுள்ள கழுவும் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். உயரமான வண்டிகளுக்காகப் பக்கத்தில் மேடை கட்டி வைத்திருக்கும் நிலையங்களும் உண்டு. காசு போட்டால் நுரையோடு வரும் பிரஷ் அங்கே தொங்கும். அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம். நமக்கு முன்னால் வந்தவர் சேற்றில் புரண்ட டயரை அதனாலேயே தேய்த்திருக்கலாம். அந்த நிலையத்தின் தண்ணீர்த் துப்பாக்கியை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கையுறையும் வாளியும் வீட்டிலிருந்து கொண்டுபோகிறவர்கள்தான் வண்டியைக் காப்பாற்றுகிறார்கள். அதற்கு முன் அந்த நிலையத்தில் சொந்த வாளிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய வண்டிகளில் இன்னொரு பொறி, ஜன்னல். பலவற்றில் அது கண்ணாடி கிடையாது, இரட்டை அடுக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக். எடை குறைவு, குளிர் தாங்கும். ஆனால் பெயிண்டைவிடச் சீக்கிரம் கீறும். வீட்டுக் கண்ணாடிக்குத் தெளிக்கும், ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த திரவம் பட்டால் நாளடைவில் மயிரிழைபோல விரிசல்கள் ஓடும். ஜன்னலுக்கு நிறைய நீர், மிதமான ஷாம்பூ, புதிதாக அலசிய துணி. பிரஷ் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கடைசி வேலை உலர்த்துவது. இங்கேதான் நல்ல கழுவல்கள் பல கெட்டுப்போகின்றன, ஏனென்றால் களைத்த கை அவசரப்படும். குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, வேகமில்லாமல் தண்ணீரை மேலிருந்து தாள்போல வழியவிட்டால் துளிகளில் பெரும்பாலானவை அதோடு சேர்ந்து இறங்கிவிடும். எஞ்சியதைக் காற்று ஊதும் புளோயராலோ, கனமான மைக்ரோஃபைபர் துண்டை ஒற்றி ஒற்றியோ எடுக்கலாம். ரப்பர் தகட்டால் வழித்து எடுப்பது வேகமானது, ஆனால் ஒரே ஒரு மணல் மாட்டினால் கோடு பல அடிக்கு நீளும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் துளி காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். அதைத் தவிர்க்கச் சிலர் கடைசி அலசலுக்கு மட்டும் உப்பு நீக்கிய நீரைத் தரும் ரெசின் சிலிண்டரைக் கையோடு வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். பருத்தித் துணியோடு போட்டால் அதன் பஞ்சு மைக்ரோஃபைபரில் ஒட்டிக்கொண்டு போகாது. துணி மென்மையாக்கும் திரவம் இழைகளை அடைத்து, நீர் உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழை உருகி முரடாகும். முரடான துணி சக்கரத்துக்கு மட்டும்தான்.