ஆப்பரேஷனுக்குப் போகும் பிள்ளையும் சிவப்பு மூக்குப் பபூனும்



"சும்மா இரு, இல்லாட்டி டிரசர் ஐயாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்!" லயத்துப் பக்கம் போனால் இந்தப் பேச்சு காதில் விழாத நாள் இல்லை. பிள்ளையை அடக்க என் பெயரை இழுப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதே பிள்ளையைக் குடலிறக்கம், தொண்டைச் சதை என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போதுதான் வினை தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஆறு வயதுப் பையன் ஒருவனை, "டவுனுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோம்" என்று சொல்லி ஆப்பரேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பச்சை உடுப்புக்காரர்களைக் கண்டதும் அலறிவிட்டான். நாலு பேர் பிடித்துத்தான் மயக்கம் கொடுத்தார்களாம். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் மூன்று மாதம் படுக்கையில் மூத்திரம் போனான். அம்மா பால்வெட்டுக்குப் போனால் பின்னாலேயே ஓடுவான். தையல் சீக்கிரம் ஆறிவிட்டது, பயந்தான் போகவில்லை.

வெளிநாடுகளில் இதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், பபூனை ஆஸ்பத்திரிக்குள் விடுகிறார்கள்! 1986-ல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன் இதைத் தொடங்கினார். சிவப்பு மூக்கு, டாக்டர் கோட்டு. பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள். வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று பிள்ளையிடம் கேட்பார்கள். "வேண்டாம்" என்றால் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஆள் வேறு யார்? எனக்கு இதுதான் பிடித்தது.

இத்தாலியில் 5 முதல் 12 வயது வரையுள்ள 40 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குப் பெற்றோரோடு பபூன்களும் துணை, மீதிப் பேருக்குப் பெற்றோர் மட்டும். பபூன் கூட வந்த பிள்ளைகளுக்குப் பயம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களும் பிள்ளைக்கு நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் வேலைக்கு இடைஞ்சல், தொடர வேண்டாம் என்றார்கள் பெரும்பாலோர்! நானும் ஆஸ்பத்திரி வேலைக்காரன்தான். அவர்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் பிள்ளை பக்கந்தான் என் ஓட்டு. பபூனைக் கண்டே மிரளும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு இது ஆகாது.

நம் பிள்ளை போகிற ஆஸ்பத்திரியில் பபூன் இல்லாவிட்டால் அப்பாவோ மாமாவோ அந்த வேலையைப் பார்க்கலாம். பொய் மட்டும் சொல்லாதீர்கள். "தூங்க வைப்பாங்க, அப்போ வலி தெரியாது. முழிச்சதும் கொஞ்சம் வலிக்கும், மருந்து கொடுப்பாங்க" என்று முந்தின நாளே சொல்லுங்கள். சோப்புத் தண்ணியில் முட்டை விட்டுப் பழக்குங்கள். மூச்சை நீளமாக விடக் கற்றுக்கொண்டால் மயக்க மருந்து மூடி முகத்தில் வரும்போது அவ்வளவாக மிரளாது.

ஒன்று மிக முக்கியம். அழுகிறதே என்று ஒளித்து ஒரு பிஸ்கட்டும் கொடுக்காதீர்கள். வழக்கமாக 6 மணி நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை. ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி சொன்ன நேரந்தான் கணக்கு. வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ஏசினால் ஏசட்டும்.

அன்று ஒரு பேரு போனாலும் அப்பாவும் கூடப் போங்கள். போகுமுன் பிள்ளையை என்னிடம் கூட்டி வாருங்கள். ரப்பர் கையுறையை ஊதிச் சேவல் செய்து காட்டுகிறேன். ஊசி கிடையாது.